பணவீக்கம் இறங்கினால் விலையும் இறங்குமா? அட்டவணையும் வரைபும் வாசிக்கப் பழகுவோம்

நமது வர்த்தகச் சகோதரர்களுக்குக் கணக்கு வராது என்று யாரும் சொல்லிவிட முடியாது. திருகோணமலை பிரதான வீதியிலும் மத்திய வீதியிலும் கல்குலேட்டரைத் தொடாமலே நூற்றிருபது மூட்டைக்குக் கழிவு போக விலை சொல்லக் கூடியவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் நெல் வாங்கி விற்பவர்கள் ஈரப்பதத்துக்கு எவ்வளவு கழிக்க வேண்டும் என்பதைக் கையில் அள்ளிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். ஆனால் இதே ஆட்கள் பத்திரிகையில் கட்டம் போட்ட அட்டவணையோ, ஏறி இறங்கும் கோடோ வந்தால் பக்கத்தைப் புரட்டி விடுகிறார்கள். "அதெல்லாம் படிச்ச ஆக்கள்ட வேலை" என்பது வழக்கமான பதில்.

இப்போது அப்படி ஒதுங்கியிருக்க முடியாத நிலை வந்துவிட்டது. கம்பனியின் விற்பனைப் பிரதிநிதி வர்ண வரைபோடு வருகிறார். வங்கியில் கடன் கேட்டால் மூன்று வருட விற்பனை அட்டவணை கேட்கிறார்கள். சாமான் வாங்க வருபவர் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, "நானா, எழுவதில இருந்த பணவீக்கம் ஒண்டுக்கு வந்திட்டாம், நீங்க இன்னும் பருப்பு விலையக் குறைக்கல்லயே" என்று நாலு பேர் முன்னால் கேட்கிறார். பதில் தெரியாவிட்டால் கொள்ளை இலாபம் வைக்கிறவர் என்ற பெயர் வருகிறது. எனது கடையிலும் இந்தக் கேள்வி பல தடவை கேட்கப்பட்டது. ஆகவே இந்த வாரம் இதைப் பாடமாகவே எடுத்துக் கொள்வோம்.

முதலில் ஒரு விடயம். அட்டவணை வாசிக்கத் தெரியாத முஸ்லிம் வர்த்தகர் ஒருவரும் இல்லை. உங்கள் கடைச் சுவரில் தொங்கும் தொழுகை நேர அட்டவணையைப் பாருங்கள். இடது பக்கம் திகதி, மேலே ஸுபஹ், லுஹர், அஸர், மஃரிப், இஷா. திகதியிலிருந்து குறுக்கே போய், மஃரிபிலிருந்து கீழே வந்து, இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் உள்ள நேரத்தை எடுக்கிறீர்கள். உலகத்திலுள்ள எல்லா அட்டவணையும் இதே முறையில்தான் வாசிக்கப்படுகிறது. மத்திய வங்கியின் அட்டவணையும் அதற்கு விலக்கல்ல.

அதே அட்டவணை இன்னொரு பாடத்தையும் சொல்லித் தருகிறது. அதன் தலைப்பில் எந்த ஊருக்கானது என்று போட்டிருக்கும். திருகோணமலை கொழும்பை விடக் கிழக்கே, தீர்க்கக்கோட்டில் ஏறக்குறைய ஒன்றேகால் பாகைக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடம் என்ற கணக்கில் இங்கு சூரியன் ஐந்து, ஆறு நிமிடம் முந்தி உச்சிக்கு வருகிறது. திருகோணமலை அட்டவணையைக் கொழும்பில் வைத்துக் கொண்டு நோன்பு திறந்தால் என்னவாகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. தலைப்பைப் பார்க்காமல் கட்டத்துக்குள் பாய்வதால் வரும் ஆபத்து இதுதான். வியாபார அட்டவணையிலும் இலக்கத்தைத் தொடுவதற்கு முன்னர் தலைப்பைப் பாருங்கள். எந்த ஊர், எந்தக் காலம், எந்த அலகு, அடியில் சின்ன எழுத்தில் குறிப்பு ஏதும் உண்டா என்பதைக் கவனியுங்கள். என் அனுபவத்தில், ஏமாற்றம் அநேகமாக அடிக்குறிப்பில்தான் ஒளிந்திருக்கிறது.

இதற்கு நல்ல பயிற்சி, மத்திய வங்கி வெளியிடும் நாளாந்த விலை அறிக்கை. அரிசி, மரக்கறி, மீன், பழம் எல்லாம் அதில் வருகின்றன. மரக்கறிக்குப் புறக்கோட்டை விலையும் தம்புள்ளை விலையும் தனித்தனி நிரலில் இருக்கும். மொத்த விலை ஒரு பக்கம், சில்லறை விலை ஒரு பக்கம். ஒவ்வொன்றின் கீழும் நேற்று, இன்று என்று இரண்டு நிரல்கள். அலகு என்ற நிரலையும் மறக்காமல் பாருங்கள். மரக்கறிக்குக் கிலோ, ஆனால் தேங்காய்க்கும் முட்டைக்கும் ஒன்றுக்கான விலை. தம்புள்ளையில் ஏற்றி ஹபரணை, கந்தளாய் வழியாக இங்கு கொண்டு வருபவர் தம்புள்ளை மொத்த விலை நிரலைத்தான் பார்க்க வேண்டும். அதன் மேல் லொறிக் கூலி, கழிவு, நாட்டாமைக் கூலி எல்லாம் ஏறும். ஆனால் வாடிக்கையாளர் காட்டுவது அநேகமாகப் புறக்கோட்டை நிரலாக இருக்கும். இருவரும் ஒரே தாளைப் பார்த்துக்கொண்டு இரண்டு விலைகளைப் பேசிச் சண்டை பிடிப்பதை நான் கண்டிருக்கிறேன்.

இனி பெரிய கேள்விக்கு வருவோம். பணவீக்கம் இறங்கிவிட்டது, விலை ஏன் இறங்கவில்லை?

தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் மாதாமாதம் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணை வெளியிடுகிறது. 2022 செப்டெம்பர் மாதம் அதன்படி பணவீக்கம் 69.8 வீதம். நமது நாடு கண்ட உச்சம் அது. சரியாக ஒரு வருடம் கழித்து, 2023 செப்டெம்பரில் அது 1.3 வீதம். இதைக் கோடாக வரைந்தால் கோணேசர் மலையிலிருந்து கடலுக்குள் விழுந்தது போலத் தெரியும். பார்க்கிறவர் மனதில் விலையே விழுந்துவிட்டது என்று பதிவது இயல்பு.

ஆனால் அந்தக் கோடு விலையைக் காட்டவில்லை. விலை ஏறும் வேகத்தைக் காட்டுகிறது. ஒவ்வொரு மாதமும், போன வருடம் இதே மாதத்தில் இருந்ததை விட எத்தனை வீதம் கூட என்பதுதான் அங்கே குறிக்கப்பட்டிருக்கிறது. கண்டிக்குப் போகும் பஸ்ஸின் வேகமானியை நினைத்துக் கொள்ளுங்கள். எழுபதில் இருந்த முள் ஒன்றுக்கு வந்துவிட்டால் பஸ் திருகோணமலைக்குத் திரும்பி வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஊர்ந்து கொண்டு இன்னும் முன்னாலேயே போகிறது. பின்னால் வர வேண்டுமென்றால் முள் பூச்சியத்துக்குக் கீழே போக வேண்டும்.

இதை இலக்கத்தில் போட்டுப் பார்ப்போம். 2021 செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய ஒரு கூடை சாமானை எடுத்துக் கொள்ளுங்கள்.

2021 செப்டெம்பர் – கூடையின் விலை 100.00 ரூபா
2022 செப்டெம்பர் – பணவீக்கம் 69.8 வீதம் – விலை 169.80 ரூபா
2023 செப்டெம்பர் – பணவீக்கம் 1.3 வீதம் – விலை 172.00 ரூபா
2024 செப்டெம்பர் – பணவீக்கம் மறை 0.5 வீதம் – விலை 171.15 ரூபா

நடு நிரலைப் பாருங்கள், 69.8 இலிருந்து 1.3 க்கு விழுந்திருக்கிறது. கடைசி நிரலைப் பாருங்கள், 169.80 இலிருந்து 172.00 க்கு ஏறியிருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. வாடிக்கையாளர் நடு நிரலைக் காட்டுகிறார், நீங்கள் கடைசி நிரலில் நின்று சாமான் கொள்வனவு செய்கிறீர்கள். இந்த நாலு வரியையும் ஒரு மட்டையில் எழுதி மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருங்கள். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். நாலு தடவை வாய்ச் சண்டை பிடிப்பதை விட ஒரு தடவை காட்டுவது நல்லது.

2024 செப்டெம்பரில் மறைக் குறி வந்திருப்பதையும் கவனித்திருப்பீர்கள். அன்றிலிருந்து 2025 ஜூலை வரை அந்த முள் பூச்சியத்துக்குக் கீழேதான் இருந்தது. மின்சாரக் கட்டணமும் எரிபொருள் விலையும் குறைக்கப்பட்டது இதற்குப் பெரிய காரணம். உண்மையாகவே கூடையின் மொத்த விலை சற்றுக் குறைந்தது. ஆனால் கூடைக்குள் வீட்டு வாடகை, போக்குவரத்து, மின்சாரம், மருந்து, பள்ளிக்கூடச் செலவு என்று எல்லாம் இருக்கின்றன. மொத்தம் குறைந்தது என்பதற்காக அதிலுள்ள ஒவ்வொரு பொருளும் குறைந்தது என்று எடுக்கக் கூடாது. உச்சம் தொட்ட 2022 செப்டெம்பரில் மொத்தம் 69.8 வீதமாக இருந்தபோது உணவுப் பொருட்கள் மட்டும் 94.9 வீதத்தில் இருந்தன. சராசரி என்பது இப்படித்தான். பலசரக்குக் கடைக்காரர் மொத்த இலக்கத்தை அல்ல, உணவு என்று பிரித்துப் போட்டிருக்கும் வரியையே பார்க்க வேண்டும்.

இங்கே அடிக்குறிப்புகள் இரண்டு. ஒன்று, பெயரிலேயே இருக்கிறது, இது கொழும்பு நகர்ப்புறத்து விலை. நாடு முழுவதற்கும் தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண் என்று வேறொன்று இருக்கிறது. அது சில வாரங்கள் பிந்தி வரும். 2022 செப்டெம்பரில் அதன் இலக்கம் 73.7 வீதம். திருகோணமலைக்காரருக்கு அதுவே கிட்டிய கணக்கு. இரண்டாவது, அடிப்படை ஆண்டு. 2022 முடியும் வரை 2013ஆம் ஆண்டை 100 என்று வைத்துக் கணக்கிட்டார்கள். 2023 ஜனவரியிலிருந்து 2021ஐ 100 என்று வைக்கிறார்கள். பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சுட்டெண் ஒரேயடியாகச் சரிந்தது போலத் தெரியும். சரியவில்லை, அளவுகோலை மாற்றியிருக்கிறார்கள். படியை மாற்றினால் தராசு காட்டும் இலக்கம் மாறத்தானே செய்யும். நான் மேலே போட்ட கூடைக் கணக்கிலும் இரண்டு அளவுகோல்களும் கலந்திருப்பதால் சதக் கணக்கில் பிடிவாதம் பிடிக்க வேண்டாம். திசையும் பருமனும் சரி.

இந்த அட்டவணையை வாடிக்கையாளருக்குக் காட்ட மட்டும் பயன்படுத்திவிட்டு நிறுத்திக் கொள்ளாதீர்கள். உங்களுக்கும் அதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. ஒருவர் 2021 செப்டெம்பரில் மாதம் 10 இலட்சம் ரூபாவுக்கு விற்றார், 2022 செப்டெம்பரில் 15 இலட்சம் ரூபாவுக்கு விற்றார் என்று உதாரணத்துக்கு வைத்துக் கொள்வோம். அவரது விற்பனை வரைபு மேலே போகிறது. வங்கி முகாமையாளருக்குக் காட்டலாம், மனைவிக்கும் சொல்லலாம். ஆனால் விலை 100 இலிருந்து 169.80 க்குப் போயிருக்கிறது. 15 இலட்சத்தை 1.698 ஆல் வகுத்தால் வருவது 8 இலட்சத்து 83 ஆயிரம். அதாவது கடையை விட்டு வெளியே போன சாமான் ஏறக்குறைய 12 வீதம் குறைந்திருக்கிறது. அதோடு, 10 இலட்சம் முதலில் நிரம்பிய இறாக்கையை மீண்டும் நிரப்ப 17 இலட்சம் வேண்டும். அந்த 7 இலட்சம் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? 2022இல் நமது ஊரில் பல நல்ல கடைகளின் இறாக்கைகள் வெறுமையானதற்கு இது ஒரு காரணம். கொப்பியில் ஏற்றம், களஞ்சியத்தில் இறக்கம். ஆகவே ரூபாவில் ஒரு கோடு வரைந்தால், மூட்டை எண்ணிக்கையில் இன்னொரு கோடும் வரையுங்கள்.

வரைபு என்றதும் பள்ளிக்கூட ஞாபகம் வந்து பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். கோட்டு வரைபும் சலாகை வரைபும் முதன்முதலில் வர்த்தகத்துக்காகவே பெருமளவில் வரையப்பட்டன. ஸ்கொட்லாந்துக்காரரான வில்லியம் பிளேஃபெயர் 1786இல் லண்டனில் வெளியிட்ட நூலில் இங்கிலாந்து மற்ற நாடுகளுடன் செய்த ஏற்றுமதி இறக்குமதியைக் கோடுகளாக வரைந்து காட்டினார். ஸ்கொட்லாந்தின் வர்த்தகத்துக்கு ஒரு வருடக் கணக்கு மட்டுமே அவர் கையில் இருந்தது. ஒரு வருடத்தை வைத்துக் கோடு இழுக்க முடியாதே. அதனால் நாட்டுக்கு நாடு சலாகை போட்டார். வட்ட வரைபையும் 1801இல் அவரே போட்டார். ஆக இது விஞ்ஞானிகளின் சொத்து அல்ல, துறைமுகத்துக் கணக்குப் புத்தகத்திலிருந்து வந்த சரக்கு.

கோட்டு வரைபையும் சலாகை வரைபையும் பார்க்கும்போது கண்ணைக் கோட்டில் வைக்காதீர்கள். முதலில் நிலைக்குத்து அச்சின் அடியைப் பாருங்கள். பூச்சியத்தில் தொடங்குகிறதா? சில காலத்துக்கு முன்னர் ஒரு கம்பனியின் பிரதிநிதி எனக்கு ஒரு வரைபைக் காட்டினார். கம்பனியின் பெயர் இங்கு வேண்டாம். ஜனவரி, பெப்ரவரி, மார்ச் என்று மூன்று சலாகைகள். மார்ச் சலாகை ஜனவரியை விட மூன்று மடங்கு உயரம். "இந்தப் பகுதியில எங்கட சாமான் பிச்சுக்கொண்டு போகுது, நூறு பெட்டி கூட எடுங்க முதலாளி" என்றார். அச்சைப் பார்த்தேன். அது 470இல் தொடங்கியது. ஜனவரி 480 பெட்டி, பெப்ரவரி 490, மார்ச் 500. 470க்கு மேலே உள்ள துண்டை மட்டும் வரைந்தால் 10, 20, 30, அதுதான் மூன்று மடங்கு. உண்மையான அதிகரிப்பு 480க்கு 20, நூற்றுக்கு நான்கை விடச் சற்றுத்தான் கூட. இதில் ஒரு இலக்கமும் பொய்யில்லை என்பதைக் கவனியுங்கள். தாளின் அடியைக் கத்தரித்ததுதான் வேலை. நான் பத்துப் பெட்டி எடுத்தேன்.

நியாயமாகச் சொல்வதானால் அச்சைக் கத்தரிப்பது எப்போதும் குற்றமல்ல. டொலர் விலை ஒரு மாதத்துக்குள் ஆடுவதைக் காட்டுகிறவர் பூச்சியத்திலிருந்து வரைந்தால் ஒரு நேர்கோடுதான் தெரியும். கோட்டு வரைபில் அதை மன்னிக்கலாம். சலாகையில் மன்னிக்க முடியாது என்பது எனது அபிப்பிராயம், ஏனென்றால் சலாகையில் உயரமே கணக்கு.

அடுத்து கிடை அச்சு. அதில் பெரும்பாலும் காலம் இருக்கும். இடைவெளி ஒரே அளவா என்று பாருங்கள். பெறுமதி சேர் வரி, நாம் வாற் என்று சொல்வது, 2022 ஜூனில் 8 வீதத்திலிருந்து 12 வீதமாகியது. 2022 செப்டெம்பரில் 15 வீதம், 2024 ஜனவரியில் 18 வீதம். 12, 15, 18 என்று மூன்று சலாகையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் படி ஏறுவது போல ஒரே சீராகத் தெரியும். ஆனால் முதல் இரண்டுக்கும் இடையில் மூன்று மாதம், அடுத்த இரண்டுக்கும் இடையில் பதினாறு மாதம். இதிலேயே இன்னொரு சொல் விளையாட்டும் உண்டு. 15 இலிருந்து 18 க்குப் போனால் "3 வீதம் கூடியது" என்று சிலர் எழுதுகிறார்கள், "20 வீதம் கூடியது" என்று சிலர் எழுதுகிறார்கள். வரி வீதம் மூன்று புள்ளிகளால் கூடியது, நீங்கள் கட்டும் வரிப் பணம் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 20 வீதம் கூடியது. எந்த 100க்கு எத்தனை என்று கேட்டால் குழப்பம் போய்விடும்.

டொலரிலும் இதே கதை. ஆண்டு இறுதியில் ஒரு டொலரின் விலை 2021இல் 200.4 ரூபா, 2022இல் 363.1, 2023இல் 323.9, 2024இல் 292.6. சீனக்குடா மா ஆலைக்குக் கோதுமை கப்பலில் வருவதை நாம் கண்ணால் பார்க்கிறோம், ஆகவே இந்த இலக்கம் நமது பேக்கரிக்காரர்களுக்கு நேரடியாகவே படுகிறது. 2022இல் டொலர் 81 வீதம் ஏறியது என்று ஒரு பத்திரிகை எழுதியது. ரூபா 45 வீதம் இறங்கியது என்று இன்னொன்று எழுதியது. இரண்டும் சரி. 200 ரூபாவை 100 என்று வைத்து 363ஐப் பார்த்தால் 81 வீத ஏற்றம். ஒரு ரூபாவுக்கு எத்தனை டொலர் கிடைக்கும் என்று திருப்பிப் பார்த்தால் 44.8 வீத இறக்கம். இறக்குமதி செய்கிறவருக்குத் தேவையானது முதலாவது.

மேலே "ஆண்டு இறுதி" என்று எழுதியதையும் விட்டுவிடாதீர்கள். ஆண்டின் சராசரி என்று இன்னொரு அட்டவணை இருக்கிறது. அதில் 2022 சுமார் 325 ரூபா, 2023 சுமார் 328 ரூபா. இறுதி விலை அட்டவணையில் 2023இல் டொலர் இறங்குகிறது, சராசரி அட்டவணையில் ஏறுகிறது. 2022இன் முதல் சில மாதங்களில் டொலர் 200 ரூபா மட்டத்தில் இருந்ததால் அந்த வருடச் சராசரி தாழ்ந்து போனது, அவ்வளவுதான். வருடம் முழுக்கச் சிறிது சிறிதாக இறக்குமதி செய்தவருக்குச் சராசரி பொருந்தும். டிசெம்பரில் கணக்கு முடிக்கிறவருக்கு, கையிலுள்ள கடனை மதிப்பிட, இறுதி விலை பொருந்தும்.

வட்ட வரைபைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது ஒரு முழுமையைப் பங்கு போட்டுக் காட்ட மட்டுமே உதவும். நமது சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளையே எடுத்துக் கொள்ளுங்கள். 2022 ஜனவரி உடன்படிக்கையின்படி 99 தாங்கிகளில் 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 லங்கா ஐ.ஓ.சி.க்கு, 61 இருவரும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கு. வீதமாக்கினால் 24.2, 14.1, 61.6. கூட்டிப் பாருங்கள், 99.9 வரும். யாரோ ஒரு பங்கை விழுங்கிவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். ஒவ்வொன்றிலும் கடைசித் தசமத்தைக் கிட்டிய இலக்கத்துக்கு மாற்றியதால் வந்தது அது. ஆனால் வட்டத்தில் தெரியாத ஒன்று இங்கே உண்டு. மிகப் பெரிய துண்டான அந்த 61 தனியாருக்கோ அரசுக்கோ முழுதாக உரியதல்ல. கூட்டுக் கம்பனியில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், ஐ.ஓ.சி.க்கு 49 வீதம். அந்தப் பங்கையும் பிரித்துச் சேர்த்தால் 99இல் ஏறக்குறைய 55 ஒரு பக்கம், 44 மறுபக்கம். முதல் வட்டத்தை மட்டும் பார்த்துத் தேநீர்க் கடையில் வாதாடியவர்களில் பலர், இரு தரப்பிலும், இந்த இரண்டாவது வட்டத்தை வரைந்து பார்க்கவில்லை.

நாட்டுக்கான வரைபை ஊருக்கு அப்படியே பொருத்துவதும் நமது வர்த்தகர்களுக்கு நட்டம் தருகிறது. கொழும்பின் மழை வரைபில் இரண்டு மேடுகள் உண்டு. மே மாதம் ஒன்று, ஒக்டோபர், நவம்பரில் ஒன்று. மே மாத நீண்டகாலச் சராசரி அங்கு 400 மில்லிமீற்றருக்கு அருகில் வருகிறது. திருகோணமலையில் மே மாதம் 50 மில்லிமீற்றர் அளவுதான். ஜூனில் அதுவும் இல்லை, 30க்குக் கீழே. நமக்கு மேடு ஒன்றே ஒன்று, நவம்பரும் டிசெம்பரும், ஒவ்வொன்றும் 300க்கு மேலே. கொழும்பு மொத்த வியாபாரி ஏப்ரல் கடைசியில் குடையும் மழைச்சட்டையும் தள்ளிவிடுவது அவரது வரைபின்படி. அதை வாங்கி இங்கே அடுக்கினால் ஐந்து மாதம் தூசி படியும். உல்லாசப் பயணிகளின் வருகையும் அப்படித்தான். நாடு முழுவதற்குமான கோடு டிசெம்பர், ஜனவரியில் உயரும். நிலாவெளி, உப்புவெளிக்குப் பருவகாலம் மே முதல் செப்டெம்பர் வரை. வருடக் கணக்கிலும் கவனம் தேவை. 2022இல் 719,978 பேர் வந்தார்கள், 2023இல் 1,487,303 பேர். இரு மடங்குக்கும் மேல் என்று செய்தி வந்தது, சரிதான். ஆனால் 2018இல் வந்தவர்கள் 2,333,796 பேர். குழியிலிருந்து அளந்தால் எந்த மேடும் உயரமாகவே தெரியும்.

கடைசியாக, உங்கள் கடைக்கென்று நீங்களே ஒரு வரைபு வரையுங்கள். ஒரு சீ.ஆர். கொப்பியும் பென்சிலும் போதும். கீழே மாதங்களைக் குறியுங்கள், மேலே இலட்சக் கணக்கைக் குறியுங்கள், மாதம் முடிய ஒரு புள்ளி வைத்துப் பழைய புள்ளியோடு தொடுத்து விடுங்கள். மறு வருடம் அதே தாளில் வேறு நிறத்தில் போடுங்கள். இதில் நமது சமூகத்து வர்த்தகர்கள் மட்டும் சந்திக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது, எந்தப் பாடப்புத்தகத்திலும் இது வராது.

எனக்குத் தெரிந்த ஒரு புடவைக் கடைச் சகோதரர் 2025 மே மாதத்தில் மிகவும் மனமுடைந்து போயிருந்தார். ஏப்ரல் விற்பனை, முன்னைய இரண்டு வருடங்களின் ஏப்ரலோடு பார்த்தால் பாதிக்கும் கீழே. அடுத்த கொள்வனவைக் குறைத்து, வேலைக்கு நின்ற பிள்ளைகளில் இரண்டு பேரை நிறுத்துவதாக முடிவு செய்திருந்தார். அவரிடம் நான் பெருநாள் திகதிகளை எழுதச் சொன்னேன். நோன்புப் பெருநாள் 2023இல் ஏப்ரல் 22, 2024இல் ஏப்ரல் 10, 2025இல் மார்ச் 31. புடவைக் கடைக்குப் பெருநாளுக்கு முந்திய பத்து நாள்தான் உயிர். 2023இல் அந்தப் பத்து நாளும் முழுக்க ஏப்ரலுக்குள் விழுந்தது, 2024இல் ஒரு நாள் போக மிச்சம் ஏப்ரலில், 2025இல் ஒரு நாள்கூட ஏப்ரலில் இல்லை. சந்திர வருடம் பத்து, பதினொரு நாள் குறைவு என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான், ஆனால் கணக்குக் கொப்பியில் ஜனவரி, பெப்ரவரி என்று கோடு போட்டபின் அது மறந்துவிடுகிறது.

கீழ் அச்சில் ஏப்ரல், மே என்பதை அழித்துவிட்டு ரஜப், ஷஃபான், ரமழான், ஷவ்வால் என்று எழுதி, பில் புத்தகத்தைப் பார்த்து மூன்று வருடத்தையும் மறுபடி வரைந்தோம். ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. மூன்று மேடுகளும் ரமழானின் கடைசிப் பத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து நின்றன. 2025இன் மேடு 2024ஐ விடச் சற்றுத் தாழ்வு, பாதியாக அல்ல, பத்தில் ஒரு பங்கு அளவு. அந்தப் பத்தில் ஒன்று எங்கே போனது என்பதைத்தான் அவர் தேட வேண்டியிருந்தது. பிள்ளைகள் உடுப்புப் பகுதியின் பில்லைத் தனியாகக் கூட்டியபோது, குறைவு முழுக்க அங்கேயே இருந்தது தெரிந்தது. வேலைப் பிள்ளைகள் இருவரும் இன்னும் அந்தக் கடையில்தான் நிற்கிறார்கள்.